பாப்பிரெட்டிப்பட்டி: சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய ஒரு பயணம்

மாசி பிறந்ததும் வந்த முதல் வியாழக்கிழமை, ஈரோட்டிலிருந்து தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் வந்தேன். அருவி, கோட்டை எதையும் பார்க்கப் போகவில்லை. சித்தேரி மலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. உடம்பு சரியில்லாத மைத்துனரைப் பார்க்கப் போனேன். இதைப் பயணக் கட்டுரை என்று எழுதலாமா என்று சில வாரங்கள் தயங்கினேன். பிறகு, என் வயதுக்காரர்கள் மேற்கொள்ளும் பயணங்களில் பாதி இப்படிப்பட்டவைதானே என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் போகிறவர்களுக்கு யாரும் வழிகாட்டி எழுதுவதில்லை. யாருக்காவது பயன்படலாம். படாவிட்டால் பேருந்து நேரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

மைத்துனரின் பெயர் ஆரோக்கியசாமி. என் மனைவி ரெஜினாவின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில் நிலம் வைத்திருக்கிறார். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, வரப்போரம் ஏழெட்டுப் புளியமரம். கார்த்திகையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். பேச்சு போகவில்லை, லேசான குழறலோடு தப்பித்தது. தருமபுரியில் வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘தினமும் எழுந்து நடக்க வேண்டும், இப்போது நடக்காவிட்டால் அந்தக் காலை அப்புறம் எழுப்புவது கஷ்டம்’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் நடக்கவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவருடைய மகள் பிலோமினா போன் செய்தாள். கணவர் பெங்களூரில் கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பதால், அவள்தான் அப்பாவோடு இருக்கிறாள்.

“மாமா, நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்க. வர்றவங்கெல்லாம் எழவு வூட்டுக்கு வந்த மாதிரி உக்காந்து மூக்க உறிஞ்சிட்டுப் போறாங்க. அவுரு இன்னும் சோர்ந்து போயிடறாரு. யாராச்சும் கேலி பண்ணி எழுப்பணும்.”

“நானா?” என்றேன்.

“வேற யாரு மாமா இருக்கறாங்க? ஊருல இருக்கறவங்கெல்லாம் பங்காளிங்க. பங்காளி கேலி பண்ணா சண்டை வரும். முறையில இப்ப நீங்க ஒருத்தருதான் மிச்சம்.”

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்துவிட முடியாது. மாமன் மச்சான் முறை உள்ளவர்களுக்குத்தான் அந்த உரிமை. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைப்பதும், விருந்தில் இலைக்கு அடியில் மிளகாயை வைப்பதும் அவர்கள்தான் செய்யலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொண்டவருக்குத்தான் அவமானம். ஆரோக்கியசாமி இந்த உரிமையைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தியவர். என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, “எங்க மாப்ள, பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடியே எறங்கறதுக்கு எந்திரிச்சு நிப்பாரு” என்பார். நான் சிரித்துவைப்பேன். திருப்பிச் சொல்ல எனக்கு ஒன்றும் வராது. ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யார் எங்கே உட்கார வேண்டும் என்று பட்டியல் போடத் தெரியும். உட்கார்ந்தவரைச் சிரிக்கவைக்கத் தெரியாது.

ரெஜினாவுக்கு முட்டி வலி. பேருந்துப் படி ஏற முடியாது. “நீங்க போயிட்டு வாங்க. பேச வேண்டியத மொதல்லயே யோசிச்சு வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க. பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்கும்” என்று மட்டும் சொன்னாள். தவக்காலம் தொடங்கிவிட்டால் கறி சமைக்க முடியாது, அதற்குள் வந்துவிடுங்கள் என்று பிலோமினாவும் அவசரப்படுத்தினாள். (கத்தோலிக்க வீடுகளுக்கு விருந்தாகப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

காலை 6.15க்கு ஈரோட்டில் ஏறினேன். சேலம் புதிய பேருந்து நிலையம் 65 கிலோமீட்டர், கட்டணம் 62 ரூபாய், சேர்ந்தது 8.05. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு அரூர் வண்டியில் 8.25க்கு உட்கார்ந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிக்குச் சுமார் 40 கிலோமீட்டர், கட்டணம் 38 ரூபாய். இடது பக்க ஜன்னல் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், காலை வெயில் படாது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி மஞ்சவாடிக் கணவாய் ஏறும்போது இரு பக்கமும் காடு. சாலையோரத்துக் குரங்குகள் போகிற வருகிற வண்டிகளை, நெடுநாள் பழகிய உறவினர்களைப் போல எந்த ஆர்வமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

ரெஜினா சொன்னதைக் கேட்காமல், கணவாயில் என் கேலிகளை ஒழுங்குபடுத்தினேன். மொத்தம் மூன்று. முதலாவது லேசானது. அது எடுபட்டால் இரண்டாவது. மூன்றாவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். உதடு அசைந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, “ஜெபம் பண்றீங்களாய்யா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

9.40க்குப் பாப்பிரெட்டிப்பட்டி. பேருந்து நிலையத்துக்கு எதிரே பழக்கடையில் ஒரு கிலோ ஆப்பிள், பக்கத்துக் கடையில் பெரிய பிரெட் பாக்கெட் ஒன்று, சத்துமாவுப் பாட்டில் ஒன்று. 10.10க்கு டவுன் பஸ். சிற்றூருக்குள் போக அது ஒன்றுதான் வசதி. தவறவிட்டால் ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்கிறார்கள். திரும்பிவர 3.20க்கு ஒரு வண்டி, அதை விட்டால் ஆறு மணிக்கு. ஏறும்போதே இதை நடத்துநரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அன்று நடந்ததற்கெல்லாம் இந்த 3.20 ஒரு காரணம்.

நிறுத்தத்திலிருந்து முந்நூறு அடி தூரத்தில் வீடு. கம்பி கேட், சிமெண்ட் வாசல், வீட்டை ஒட்டிய மைத்துனரின் தோட்டத்தில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கிளையில் ஏறி ஓர் ஆள் உலுக்க, கீழே ஐந்தாறு பெண்கள் பொறுக்கிக்கொண்டு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிலோமினா என் கையிலிருந்த பையை வாங்கினாள், எட்டிப் பார்த்தாள், உள்ளே அலமாரிக்குக் கொண்டுபோனாள். அங்கே சத்துமாவுப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. விளையாட்டுப் போட்டியில் கோப்பை வாங்கிய வீடு போல இருந்தது. என்னுடையதையும் வரிசையின் கடைசியில் வைத்தாள்.

“பிரெட்டு?” என்று கேட்டேன்.

“அது ஆட்டுக்கு மாமா. இப்பல்லாம் அது தழையே மோந்து பாக்க மாட்டேங்குது. பிரெட்டு வாசம் வந்தாதான் எந்திரிக்குது.”

ஆரோக்கியசாமி கூடத்தில் கட்டிலில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. தலைமாட்டில், பிடித்து நடப்பதற்கான நாலு கால் வாக்கர் ஒன்று நின்றது. அதன் மேல் இரண்டு துண்டும் ஒரு பாவாடையும் காய்ந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஒரு முறை திரும்பி, “வாங்க மாப்ள” என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டார்.

முதல் கேலியை ஆரம்பித்தேன். “என்ன மச்சான், புது மாப்பிள்ளை மாதிரி கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேங்கறீங்களாமே?”

“கால் வராதவன் எங்க எறங்குவான்” என்றார் சுவரிடம்.

ஆனாலும் திட்டம் திட்டம்தானே. சற்று நேரம் கழித்து இரண்டாவதைச் சொன்னேன். “எழுந்து நாலு நாள் நடந்து காட்டுங்க. ஒரு நல்ல பொண்ணாப் பார்த்து முடிச்சிடலாம்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், கட்டிலுக்கு நேர் மேலே, மாலை போட்ட சட்டத்துக்குள்ளிருந்து அவருடைய மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்தில் ஒத்திகை பார்த்தபோது அந்தப் படம் என் நினைவில் இல்லை. பிலோமினா சமையலறையில் எதையோ கீழே வைத்தாள். மூன்றாவது கேலியைக் கைவிட்டேன். அது என்ன என்பதை இங்கே எழுதவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மதியம் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். கேழ்வரகுக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. எனக்கு அது இன்றுவரை கைவரவில்லை. எப்போது போனாலும், நான் மெல்வதைப் பார்த்து ஆரோக்கியசாமி ஊரையே கூப்பிடுவார். “வாங்க வாங்க, எங்க மாப்ள களியை மென்னு திங்கறாரு, டிக்கெட்டு இல்லாம வந்து பாருங்க” என்பார். பக்கத்து வீட்டிலிருந்து உண்மையிலேயே இரண்டு பேர் வருவார்கள். அன்று அவரையும் நாற்காலியில் உட்காரவைத்துத் தட்டைக் கொடுத்திருந்தாள் பிலோமினா. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வேண்டுமென்றே, அவருக்குத் தெரிகிற மாதிரி, நன்றாக மென்றேன். தாடை வலிக்க மென்றேன். அவர் பார்த்தார். என் வாயையே பார்த்தார். பிலோமினா கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து அவுருக்கு. தொண்டைல நிக்கப் போவுது” என்றார் மகளிடம். அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறைதான் என்னைச் சங்கடப்படுத்தியது. நான் விழுங்கிவிட்டேன்.

சாப்பிட்டதும் அவர் படுத்துக்கொண்டார். இரண்டே முக்காலுக்குப் பிலோமினா, “புளி பொறுக்கறவங்களுக்கு டீ குடுத்துட்டு வந்துடறேன் மாமா. மூணு இருவது பஸ்ஸுதானே? அதுக்குள்ள வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு போனாள். மூன்று ஆனது. மூன்று ஐந்து ஆனது. அவள் வரவில்லை. தோட்டத்தில் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. ஆரோக்கியசாமி கண்ணை மூடியிருந்தார். எழுப்பலாமா? இரவில் தூக்கமே இல்லை, பகலில்தான் கண் அசருகிறார் என்று பிலோமினா சொல்லியிருந்தாள். எழுப்பித்தான் என்ன சொல்வது? பார்க்க வந்து ஒன்றும் செய்யாமல் போகிறேன் என்றா? பேருந்தை நினைத்தேன். எழுந்தேன். சிமெண்ட் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு விழித்துவிடக் கூடாது என்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, கேட்டையும் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தது. ஏறும்போது பின்னாலிருந்து யாரோ கத்துவது கேட்டது. ஆண் குரல். புளியமரத்து ஆள் பெண்களைத் திட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் கவனம் சில்லறையில் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் சேலம் வண்டி தயாராக நின்றது, 4.05. நல்ல இருக்கை. திட்டமிட்டபடி எல்லாம் நடக்கிறதே என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன் என்று சொல்லத்தான் வேண்டும். கணவாயை நெருங்கும்போது போன் அடித்தது. பிலோமினா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் விளங்கவில்லை.

“மாமா, எங்க இருக்கறீங்க? ஏன் மாமா அப்படிப் போனீங்க?”

“தூங்கினாரேம்மா, எழுப்ப வேண்டாம்னு...”

“எங்க தூங்குனாரு? நீங்க செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் பூனை மாதிரி போனத ஒத்தக் கண்ணுல பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கறாரு! நான் டீ வாளியோட உள்ள வர்றேன், கட்டில்ல நிமுந்து உக்காந்திருக்கறாரு. ‘புள்ள, இங்க வா. உன் மாமன் சொல்லாமப் போறான். நான் செத்துட்டனா?’ங்கறாரு.”

இங்கேயும் ஒரு விளக்கம் தேவை. எங்கள் ஊர்களில், எந்த மதமானாலும், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார். போய்விட்டு வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று பொருளாகிவிடும். அதனால் பேசாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். மற்ற எல்லா வீடுகளிலும் சொல்லாமல் கிளம்புவது பெரிய அவமதிப்பு. நோயாளி இருக்கும் வீட்டில் அது எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. எழுபத்து நான்கு வயதில் எனக்கு இது தெரியாதா? தெரியும். பேருந்து நேரம் மட்டுமே தலையில் இருந்தது.

“நான் பதில் சொல்லறதுக்குள்ள அவுரே எந்திரிச்சிட்டாரு மாமா! வாக்கர்ல இருந்த துண்டு பாவாடை எல்லாத்தையும் ஒரே தள்ளு. டக்கு டக்குன்னு வாசலுக்கு வந்துட்டாரு. நான் புடிக்கப் போனா கைய உதறுறாரு. கேட்டாண்ட போயி நின்னு கத்தறாரு பாருங்க, ‘டேய் மாப்ள! எழவு வூட்டுக்கு வந்தவன் தலை முழுகாமப் போறியேடா! குளிச்சிட்டுப் போடா!’ன்னு. புளி பொறுக்கறவங்க எல்லாம் கூடைய வெச்சிட்டு உழுந்து உழுந்து சிரிக்கறாங்க. அதுல சின்னப்பொண்ணு அக்கா கேக்குது, ‘அண்ணே, செத்தவரு இப்படி வாசல்ல நின்னு கத்தலாமா’ன்னு. அவுரு, ‘இன்னும் எடுக்கலடி, அதான் கத்தறேன்’ங்கறாரு. சிரிச்சு சிரிச்சு அவுருக்கே பொரை ஏறிடுச்சு மாமா.”

நான் கேட்ட அந்தக் குரல் அவருடையதுதான். இரண்டு நொடி திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

“திரும்பி வாங்க மாமா. கேட்டாண்டயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கறாரு. நீங்க வந்து மொறையாச் சொல்லிட்டுப் போனாத்தான் உள்ள வருவாராம்.”

“பார்க்கிறேம்மா” என்றேன். சிக்னல் போய்விட்டது.

மஞ்சவாடியில் இறங்கினால், எதிர்ப்பக்க வண்டி பிடித்து ஐந்தேகாலுக்குப் பாப்பிரெட்டிப்பட்டி. ஆட்டோவில் ஐந்தரைக்கு அங்கே. ஆறு மணி வண்டியில் திரும்பினால் ஈரோடு பத்தரை. ரெஜினா தனியாக இருப்பாள். என் இரவு மாத்திரை வீட்டில். ஈரோட்டில் அந்நேரம் டவுன் பஸ் இருக்குமா? இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே நடத்துநரிடம் கேட்டேன், “மஞ்சவாடியில் நிற்குமா?”

“நிக்குங்க” என்று சொல்லி அவர் உடனே விசிலை ஊதிவிட்டார். வண்டி ஓரங்கட்டி நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்னிருக்கைக்காரர் கால்களை ஒதுக்கி வழிகூட விட்டார்.

“எறங்குங்க பெரியவரே.”

“இல்லைங்க. சும்மாதான் கேட்டேன்.”

நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “சும்மா கேக்கறதுக்காய்யா பஸ்ஸ நிறுத்துனேன்? மலையில யாராச்சும் சும்மா கேப்பாங்களா?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். ரைட் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. வாழ்நாள் முழுக்கப் பேருந்து நிற்பதற்கு முன்னால் எழுந்து நின்றவன், நின்ற பேருந்தில் உட்கார்ந்தே இருந்தேன்.

ஈரோடு வந்து சேர்ந்தது 7.35. ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கேட் வரை நடந்ததைக் கேட்டதும் சிரித்தாள். ‘இன்னும் எடுக்கலடி’யைத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பேருந்தில் வந்த கதையையும் சொல்லி முடித்தேன்.

“பஸ்ஸு நின்னுச்சுங்களா?”

“நின்றது.”

“நின்னும் எறங்கலையா?”

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

இன்னொன்றை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். என் அகராதியில் ‘பார்க்கிறேன்’ என்பதற்கு அநேகமாக இல்லை என்று பொருள். பிலோமினா அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டாள். அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். அவர் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாராம். தலை வாரச் சொன்னாராம். பிறகு நாற்காலியில் சாலையைப் பார்த்தபடி, என்னை எப்படித் திட்டுவது என்று சின்னப்பொண்ணுவிடம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாராம். ஆறு மணி வண்டி வந்து போயிற்று. விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்திருந்தாராம். “வர முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா உள்ள கூட்டிட்டுப் போயிருப்பேன் மாமா. பனியில உக்காந்திருந்தாரு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

என்னோடு போனில் பேசும்படி அவரிடம் கொடுக்கச் சொன்னேன். தள்ளி நின்று அவர் சொன்னது எனக்கே கேட்டது: “போன்ல திட்டுனாப் பத்தாது. நேர்ல வரச் சொல்லு.”

சனிக்கிழமையே வந்துவிடுகிறேன் என்று பிலோமினாவிடம் சொன்னேன். இந்த முறை நிச்சயமாகச் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இப்ப வராதீங்க மாமா” என்றாள்.

“ஏன்?”

“இன்னிக்கிக் காலையிலயும் எந்திரிச்சு கேட்டு வரைக்கும் நடந்தாரு. நான் சொல்லவே இல்ல. மாப்ள காலை பஸ்ஸுல வந்தாலும் வருவான்னு நடந்தாரு. நீங்க வந்துட்டீங்கன்னா திட்டி முடிச்சுடுவாரு. அப்புறம் எதுக்கு மாமா நடக்கப் போறாரு? கொஞ்ச நாள் போகட்டும்.”

ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? நேரில் போய் இரண்டு கேலி சொல்லி என்னால் முடியாததை, வீட்டில் உட்கார்ந்து வராமல் இருப்பதன் மூலம் செய்துகொண்டிருக்கிறேன். இதில் மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் அவர் அந்த வாசலைக் கடந்ததை நான் பார்க்கவில்லை. புளி பொறுக்கிய பெண்கள் பார்த்தார்கள். நாற்காலியில் சட்டை போட்டுக் காத்திருந்ததையும் பார்க்கவில்லை. எழுபத்தாறும் எழுபத்து நான்கும் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு தூரம் சரி என்றும் எனக்குத் தெரியவில்லை. இரவில் அல்ல, பகலில், பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்தக் குரல் கேட்கிறது. அப்போதும் என் கை சட்டைப் பையில் சில்லறையைத்தான் தேடுகிறது.

இனி, இது போன்ற பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. மாசி நல்ல காலம். வெயில் இன்னும் ஏறியிருக்காது, புதுப்புளியும் மலிவாகக் கிடைக்கும். கணவாயில் போன் கிடைக்காது, முக்கியமானதை அதற்கு முன்பே பேசிவிடுங்கள். பிரெட், சத்துமாவு வாங்காதீர்கள். வீட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரு புடவையோ, ஒரு நாள் சமையலுக்குக் காய்கறியோ வாங்கிப் போங்கள். படுத்திருப்பவரிடம் யோசித்து வைத்துப் பேசாதீர்கள், என் மனைவி சொன்னது சரி. திரும்பும் நேரத்தை முடிவு செய்யாமல் போங்கள். ஒரு மாற்றுச் சட்டையும் மாத்திரையும் பையில் இருந்தால் எந்த ஊரிலும் ஓர் இரவு தங்கிவிடலாம். இதை நான் கண்டுபிடித்தபோது அந்த வியாழக்கிழமை போய்விட்டிருந்தது. அப்புறம், தூங்குகிறவரானாலும் எழுப்பி, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பிலோமினா போன் செய்தாள். நேற்று அவர் கேட்டைத் தாண்டிவிட்டாராம். வாக்கரை வைத்துக்கொண்டு நிறுத்தம் வரைக்கும், வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவள் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். 3.20 வண்டி வந்து நின்றது. நடத்துநர் படியில் நின்று, “ஏறுங்க பெரியவரே, கை குடுங்க” என்றாராம்.

“ஏறறதுக்கு வரலீங்க” என்றாராம் ஆரோக்கியசாமி. “எறங்கற ஒருத்தனத் திட்டறதுக்கு வந்தேன். இருக்கறானா பாருங்க.”

நடத்துநர் உள்ளே திரும்பி வண்டி முழுவதும் பார்த்திருக்கிறார். அதில் நான் இல்லை.